தகுதிச் சுற்றுக்கு ஒரு பொன்னாடை

ஷாமிளா செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். சாவி கேட்டாள்.

பலாங்கொடையிலிருந்து மலையேறும் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற கடைசி இடம் ஹேப்டன் தோட்டம். அங்கே பெரிய பங்களாவுக்குப் பின்னால் ஒரு டென்னிஸ் கோர்ட் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறிய பிறகு அதில் டென்னிஸ் தவிர மற்ற எல்லாமே நடந்திருக்கிறது. கல்யாணப் பந்தி நடந்திருக்கிறது, கண் பரிசோதனை முகாம் நடந்திருக்கிறது, தேர்தலுக்குத் தேர்தல் கூட்டம் நடந்திருக்கிறது. வலை எந்த வீட்டுக் கோழிக் கூட்டுக்குப் போனதென்று யாருக்கும் தெரியாது. இப்போது இளைஞர் கழகத்தின் பிளாஸ்டிக் கதிரைகள் அங்கே அடுக்கிக் கிடந்தன. கதிரைகளுக்குக் காவலாக ஒரு பூட்டு. பூட்டின் சாவி கழகச் செயலாளர் சதீஸின் இடுப்பில்.

பங்களா ஹோட்டலாகிச் சில வருஷம் ஆகிறது. ஷாமிளா அங்கே வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வந்து போன யாரோ ஒரு விருந்தாளி விட்டுப்போன இரண்டு ராக்கெட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்த பின்னேரங்களில் தேயிலைத் தொழிற்சாலையின் பின்சுவரில் பந்தடிப்பாள். ஃபோனில் பார்த்துப் பார்த்துக் கை பழகிக்கொண்டாள். சுவர் நல்ல ஆட்டக்காரன்தான். களைப்பதில்லை, காய்ச்சல் என்று படுப்பதில்லை. ஆனால் அது திருப்பித் தருவது அவள் அடித்த பந்தை மட்டும்தான். அவள் நினைக்காத மூலைக்கு ஒரு பந்து வர வேண்டும், அதை எட்டிப் பிடிக்க ஓட வேண்டும், பிடிக்க முடியாமல் தோற்க வேண்டும். சுவரிடம் இல்லை, ஒரு மனுஷியிடம். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அப்படி இருக்கையில் யித்கா ஹொராலோவா வந்து இறங்கினாள். செக் நாட்டுக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு முழங்காலில் தையல் போட்ட தழும்பு. தோளில் தொங்கிய நீள ராக்கெட் பையைப் பார்த்ததுமே ஷாமிளா பேச்சுக் கொடுத்தாள். பதினான்கு வருஷம் டென்னிஸே தொழிலாக ஆடியவள். இப்போது விட்டுவிட்டாள். பேச்சுக்கு நடுவில், “நாளைக்குப் பின்னேரம் விமான நிலையத்துக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் ஆடலாமா?” என்று கேட்டதும் அவளேதான்.

ஷாமிளா ஓட்டமும் நடையுமாகச் சதீஸிடம் போனாள்.

“சதீஸ் அண்ணே, கோர்ட்டுச் சாவி வேணும். அரை மணித்தியாலம் போதும்.”

“எதுக்கு தங்கச்சி?”

“பங்களாவுக்கு டென்னிஸ் பிளேயர் ஒருத்தவங்க வந்திருக்காங்க. செக் நாடு. என்கூட ஆடுறேன்னாங்க.”

“இன்டர்நெஷனல் பிளேயரா?”

“ஆமா, ஆனா பெரிய பேரு எடுத்தவங்கன்னு…”

‘ஆனா’வுக்குப் பின்னால் வந்தது எதுவும் சதீஸின் காதுக்குள் போகவில்லை. ஃபோன் அதற்குள் அந்தக் காதில் இருந்தது. “தலைவரே, ஹேப்டன் சதீஸ் பேசுறேன்ங்க. நம்ம தோட்டத்துக்கு உலக லெவல்ல ஒரு ஆளு வந்திருக்குங்க…”

மறுநாள் காலை பலாங்கொடையில் அச்சடித்த பேனர் பஸ்ஸின் தலையில் கட்டி வந்து சேர்ந்தது. தோட்டத் தொழிற்சங்கத்தின் மாவட்டத் தலைவர் கிருஷ்ணகுமார் அதில் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். கீழ் மூலையில் தபால் முத்திரை அளவில் யித்கா. இருவருக்கும் நடுவில், சிவப்பு எழுத்தில், ‘உலக சாம்பியன்’.

“அண்ணே, அவங்க சாம்பியன் இல்ல,” என்றாள் ஷாமிளா. “நூத்தி முப்பதாவது எடம் வரைக்கும்தான் வந்தாங்களாம்.”

“எதுல நூத்தி முப்பது? அவங்க ஊர்லயா?”

“இல்ல, உலகத்துல.”

“உலகத்துல எத்தன கோடி சனம் இருக்கு புள்ள? அதுல நூத்தி முப்பதுன்னா அது சாம்பியன் இல்லாம வேற என்ன? இந்தத் தோட்டத்துல நீ எத்தனாவது எடம்?”

தோட்டத்தில் டென்னிஸ் ஆடுகிறவள் ஷாமிளா ஒருத்திதான்.

பாராட்டுக் கூட்டம் இரண்டு மணிக்கு. கூட்டம் வேண்டுமே என்று கொழுந்து பறிக்கிற பெண்களை மலையிலிருந்து இறக்கினார்கள். வந்தவர்களுக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், என்று அறிவிப்பு. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளம் கொடுக்கிற தோட்டத்தில் இது பெரிய சலுகை. அதனால் இருளாயி முன்வரிசையிலேயே வந்து உட்கார்ந்தாள். ஷாமிளாவின் லயத்து வரிசை வீட்டுக்காரி, பெரியம்மா முறை. கொழுந்துப் பையை இன்னும் முதுகிலிருந்து இறக்கவில்லை. அறிவிப்பில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

தலைவர் வந்தபோது மணி மூன்றரை. அதுவரை யித்கா ஆடுகிற உடையில், நெற்றியில் சந்தனத்தோடு, கதிரையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வேன் ஐந்து மணிக்கு. சமனல மலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஷாமிளா மேகத்தைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், குத்துவிளக்கைப் பார்த்தாள். விளக்கில் அத்தனை திரி. ஒவ்வொரு திரிக்கும் ஒரு பிரமுகர். ஒவ்வொரு பிரமுகருக்கும் ஒரு படம். காற்றில் அணைந்த திரிகளுக்கு மறுபடி முதலிலிருந்து.

“டென்னிஸுக்கும் தொழிற்சங்கத்துக்கும் வித்தியாசம் கிடையாது!” என்று தலைவர் மைக்கைப் பிடித்தார். “நாம் அடித்தால் எதிரே இருப்பவன் திருப்பி அடிப்பான். ஆனால் நமது சங்கம் அடித்த அடியை இன்றுவரை எவனும் திருப்பி அடித்ததில்லை!”

“அடிச்சாத்தானே திருப்பி அடிக்கிறதுக்கு,” என்றாள் இருளாயி, பக்கத்திலிருந்தவளிடம், மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்கும்படி.

பேச்சு முடிந்து கோர்ட்டுத் திறப்புவிழா. யித்காவிடம் ஒரு டப்பாவில் மூன்று புதுப்பந்து இருந்தது. முதல் பந்தைத் தலைவர் அடிப்பது முறை என்று சதீஸ் சொன்னான். தலைவர் ராக்கெட்டைத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி போலப் பிடித்து ஓங்கி வீசினார். பந்து வேலியைத் தாண்டித் தேயிலைக்குள் போய் விழுந்தது. கைத்தட்டல். தோட்ட மேனேஜர் பெரியதுரைக்கு அதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. அவர் அடித்த இரண்டாம் பந்து மழைத்தண்ணீர் ஓடும் கான் பக்கமாக உருண்டு ஆற்றுக்கே போயிற்று. அதற்கும் கைத்தட்டல். மூன்றாம் பந்தைத் தலைவர் நீட்டி, “நம்ம மகனுக்கு ஒரு கையெழுத்து,” என்றார். யித்கா போட்டுக் கொடுத்தாள். பந்து அவருடைய சட்டைப் பைக்குள் போனது. வெள்ளைச் சட்டை ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது.

ஷாமிளா தன் கைப்பையைத் தடவிப் பார்த்தாள். உள்ளே அவளுடைய பழைய பந்து இருந்தது. சுவரில் பட்டுப் பட்டு மயிரெல்லாம் உதிர்ந்த மொட்டைப் பந்து. சரி, இது இருக்கிறது. விழா மட்டும் முடியட்டும்.

விழா முடியாது என்று தெரிந்தது. சாம்பியனைக் கேள்வி கேட்கப் போகிறாராம் தலைவர். மொழிபெயர்க்க ஷாமிளா.

“எத்தனை கப் வென்றார் என்று கேள் மகள்.”

யித்கா யோசித்தாள். ஒன்று, என்றாள். கூரைக்குள் நடந்த சின்னப் போட்டி. பார்க்க வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர், ஒரு நாய்.

பெரியதுரை கைக்கடிகாரத்தைத் தட்டி, “ஷாமிளா, இக்மனட்ட!” என்றார். சீக்கிரம் முடி என்று சிங்களத்தில் சொல்கிறார். முதுகுக்குப் பின்னால் சதீஸ், “பலன்னு சொல்லு, பலன்னு சொல்லு,” என்றான். ஷாமிளா கணக்குப் போட்டாள். உண்மையை விளக்கப் போனால் கால் மணி நேரம். பொய்க்கு ஒரு வார்த்தை.

“பல,” என்றாள் மைக்கில்.

பொய் சுருக்கமாகத்தான் இருந்தது. அதன் விளைவு சுருக்கமாக இல்லை. பல கப் வென்றவருக்கு ஒரு மாலை போதாது என்று கோயில் கமிட்டி எழுந்தது. அதைப் பார்த்து மரண உதவிச் சங்கம் எழுந்தது. ஒவ்வொரு மாலைக்கும் ஓர் உரை. தலைவர் பொன்னாடையை விரித்து யித்காவின் தோளில் போர்த்தி, படம் சரியாக விழவில்லை என்று உருவியெடுத்து, மறுபடி போர்த்தினார். மாலைகளுக்கு மேலே யித்காவின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை ஷாமிளாவைப் பார்த்து, எப்போது ஆடுவோம் என்று கேட்டன.

மணி நாலரை தாண்டிவிட்டது. தலைவர் மறுபடி மைக்கைப் பிடித்தார். “உலகக் கோப்பையைத் தூக்கியபோது அவருடைய மனநிலை எப்படி இருந்தது என்று கேள்.”

ஷாமிளாவுக்குத் தலைக்குள் என்னவோ அறுந்தது. பொய் நேரத்தைத் தின்கிறது. உண்மையைச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும், கோர்ட்டு மிஞ்சும் என்று தோன்றியது. கேள்வியை அப்படியே யித்காவிடம் கேட்டாள். யித்கா சிரித்துவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல ஷாமிளா ஒரு சொல் விடாமல் மைக்கில் சொன்னாள்.

“இவங்க உலக சாம்பியன் இல்லீங்க. பெரிய போட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி தகுதிச் சுற்றுன்னு ஒன்னு இருக்கு. அதுலயே பெரும்பாலும் தோத்துப் போயிருவாங்களாம். ஒரே ஒரு தடவ, ஜெயிச்ச ஆளுக்குக் கால் சுளுக்கினதால, அந்த ஆளுக்குப் பதிலா இவங்களப் பெரிய போட்டிக்குள்ள விட்டாங்களாம். அதுலயும் ஒரு மணித்தியாலத்துக்குள்ள தோத்து வெளிய வந்துட்டாங்களாம். பதினாலு வருஷம் அப்படித்தான். அப்புறம் முழங்கால் போயிருச்சு.”

ஒலிபெருக்கி ஊய் என்றது.

தலைவர் சதீஸின் பக்கம் திரும்பினார். “தோத்தவளுக்காடா என் கையால பொன்னாட போட வச்ச?”

“இல்லீங்க தலைவரே, உலகத்துல நூத்தி முப்பது…”

தலைவர் எழுந்து நடந்தார். அவர் எழுந்ததால் பெரியதுரையும், பெரியதுரை எழுந்ததால் மற்றவர்களும் எழுந்தார்கள். ஜீப் புகையைக் கக்கிக்கொண்டு போனது. தோற்றவளின் கையெழுத்தானாலும் பந்து பந்துதானே. அது தலைவரின் பையோடு போய்விட்டது.

ஷாமிளா கைப்பையைத் திறந்தாள். கணக்குச் சரியாக வந்துவிட்டது. இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. வானம் இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறது.

அப்போது இருளாயி எழுந்தாள்.

“அடி ஷாமிளா, இரு. தொரசாணிகிட்ட ஒன்னு கேளு. தோத்துப் போனா பேரு போடுவாங்களா, வெட்டுவாங்களா?”

ஷாமிளா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். யித்கா விளக்கினாள். தோற்றாலும் கொஞ்சம் தருவார்கள். டிக்கெட்டுக்கும் அறைக்குமே சரியாகப் போகும்.

“அரைப்பேருதான்!” என்றாள் இருளாயி, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து. “பதினாலு வருஷமா அரைப்பேரு!”

பெண்கள் கதிரைகளை இழுத்துக்கொண்டு நெருங்கி வந்தார்கள். சாம்பியனைப் பார்த்து வாயைத் திறக்காதவர்களுக்கு இப்போது கேள்வி தீரவில்லை. பதில் ஆளா உள்ளே விட்ட நாளைக்கு முழுப்பேரு குடுத்தாங்களா? முழங்கால் எந்தப் பக்கம் நோவும், எறங்கையிலயா ஏறையிலயா? மழ வந்தா ஒதுங்க எடம் உண்டா? பிள்ளைகள யாரு பாத்துக்குவா? நின்னதுக்கு அப்புறம் பென்ஷன் மாதிரி ஏதாச்சும் உண்டா? ஒருத்தி தன் முழங்காலையே பாவாடையைத் தூக்கிக் காட்டினாள். யித்கா மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுத் தன் தழும்பைக் காட்டினாள். வந்து இறங்கியதிலிருந்து அவள் இவ்வளவு பேசி ஷாமிளா பார்த்ததில்லை.

“பெரியம்மா, போதும், நேரமாச்சு…”

“இருடி, மனுசி மனசு விட்டுப் பேசுறா.”

முதல் துளி ஷாமிளாவின் மூக்கில் விழுந்தது. இரண்டாவதிலிருந்து எண்ண முடியவில்லை. பலாங்கொடை மழை ஆளுக்கு நேரம் கொடுத்துப் பெய்கிற மழை இல்லை. பெண்கள் கொழுந்துப் பைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கோர்ட்டோரம் போட்டிருந்த பந்தலுக்குள் ஓடினார்கள். வேன்காரன் ஹாரன் அடித்தான்.

யித்கா ஓடவில்லை. ராக்கெட்டை உறையிலிருந்து உருவினாள். கோர்ட்டின் குறுக்கே கிடந்த கதிரைகளை வலையாக வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்று, வா என்று கையாட்டினாள்.

ஷாமிளா மொட்டைப் பந்தை அடித்தாள். பந்து கதிரைகளுக்கு மேலே போனது. திரும்பி வந்தது! அவள் அடித்த பந்து இல்லை, வேறொரு பந்து, கனமாக, சுழன்றுகொண்டு. விழுந்தடித்துத் திருப்பினாள். யித்கா மணிக்கட்டை லேசாகச் சாய்த்து, அவள் நினைத்தேயிராத மூலைக்கு அதைத் தட்டிவிட்டாள். ஷாமிளா ஓடினாள். சேற்றில் ஒரு செருப்பு போனது. எட்டிவிட்டாள், ராக்கெட்டையும் வீசிவிட்டாள். பந்து மூலையில் தேங்கியிருந்த தண்ணீரில் சொத்தென்று விழுந்து, எழும்பாமல் அங்கேயே மிதந்தது. ராக்கெட் வெறுங்காற்றை அடித்தது.

தோற்றது யித்காவிடமா, தண்ணீரிடமா? அதைத் தீர்த்துக்கொள்ள இன்னொரு பந்து ஆட வேண்டும். வேன்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

மழையில் நின்ற ஆட்டம் முடிந்த ஆட்டம் இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும், அதுதான் விதி என்று சொல்லி, நனைந்த கையால் அவள் தோளைத் தட்டிவிட்டு, யித்கா வேனில் ஏறினாள். விதி நல்ல விதிதான். விமானம் அன்றைக்கு ராத்திரியே.

“என்ன புள்ள, ஜெயிச்சியா?” என்று பந்தலிலிருந்து இருளாயி கேட்டாள்.

“தோக்கக்கூட விடல நீங்க.”

“அப்ப அரைப்பேரு போட்டுக்க.”

மறுநாள் பின்னேரம் ஷாமிளா ராக்கெட்டோடு தொழிற்சாலைப் பின்பக்கம் போனாள். சுவரைக் காணவில்லை. சுவர் முழுக்கப் பேனர். சதீஸ் ஏணியில் நின்று கடைசிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

“காசு குடுத்து அடிச்சது தங்கச்சி, வீணாப் போகலாமா? தலைவர்கிட்டயும் பேசிட்டேன். ஒரு சின்னத் திருத்தம், சரியாப் போயிருச்சு.”

திருத்தம் சின்னதுதான். யித்காவின் முத்திரைப் படத்துக்கு மேல் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே. தலைவர் கிருஷ்ணகுமார் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். பக்கத்தில் சிவப்பு எழுத்தில், ‘உலக சாம்பியன்’.

“இனிமே இங்க பந்தடிக்கக் கூடாது, என்ன? கிழிஞ்சிரும்,” என்று சொல்லிவிட்டு அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.

அவன் வளைவில் மறையும்வரை ஷாமிளா காத்திருந்தாள். பிறகு மொட்டைப் பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தாள். சாம்பியனின் இடது கன்னம். தளர்ந்து தொங்கிய பேனர் பந்தை உள்வாங்கி, திருப்பித் தராமல், காலடியில் செத்த பந்தாகப் போட்டது. இத்தனை வருஷமும் திருப்பிக் கொடுத்த சுவரும் இப்போது சங்கத்தில் சேர்ந்துவிட்டது.

அவள் போய்ப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். வலது கன்னம் இன்னும் இருந்தது.