மலைப்பாதைக்குத் தாங்காது

சமையலறை ஃபிரிட்ஜில் இடமில்லாமல், யாரோ கொண்டுவந்த உருளைக்கிழங்குப் பாத்திரத்தை கோரின் கராஜில் இருந்த இன்னொரு ஃபிரிட்ஜுக்குத் தூக்கி வந்தபோது, காருக்கு அடியிலிருந்து நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கறுப்புக் கால்சட்டை, துடைத்துப் போட்ட ஷூ. அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் வெண்டலும் ஓட்டிஸும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையில் இறங்கிவிட்டார்கள். அப்பா லெஸ்டருக்கு இருந்த கூட்டாளிகளே கார் சங்கத்து இந்தக் கிழவர்கள்தான்.

“மாமா, என்ன பண்றீங்க?”

“உங்கப்பன் பாக்கி வச்ச வேலை, கண்ணு,” வெண்டலின் குரல் மட்டும் வந்தது. “சங்கத்துல ஒருத்தன் போயிட்டா, அவன் வண்டிய மத்தவங்க முடிச்சுக் குடுக்கணும்ல. சாயங்காலம் சாவி உன் கையில.”

அறுபத்தாறாம் வருஷத்து பான்டியாக் கார். முன்சக்கரங்கள் இல்லாமல் ஸ்டாண்டின் மேல் நான்கு வருஷமாக நிற்கிறது. மலைகளைத் தாண்டி மேற்கே, ஆரிகனில் தோழி நாடீன் பேக்கரி திறந்து இவளைக் கூப்பிட்டபோது, “வண்டிய நீயே எடுத்துக்க, அதுலயே போ” என்றார் அப்பா. அடுத்த மூச்சிலேயே, “ஆனா முன்பக்கம் மலைப்பாதைக்குத் தாங்காது. வளைவுல ஒரேயடியா சாயும். புது ஸ்பிரிங், ஆர்ம், டிஸ்க் பிரேக் எல்லாம் போட்டுத் தர்றேன், கொஞ்சம் பொறு” என்றார்.

பொறுத்தாள். இந்த டோலிடோ ஊரிலேயே நான்கு குளிர்காலம், சின்ன வயதில் படுத்த அதே கட்டிலில். தாயில்லாத வீட்டில் ஒற்றைப் பெண். விட்டுப் போகக் கால் எழவில்லை. இந்த மாதத்துக்கு மேல் வேலையை அவளுக்காக வைத்திருக்க முடியாது என்று நாடீன் சொல்லிவிட்டாள்.

“டேய், இங்க பாரு,” என்றார் ஓட்டிஸ். “போல்ட்டுல பெயிண்ட் கோடு.”

“ஏதாவது ஒண்ணுல இருக்கும்.”

“எல்லாத்துலயும் இருக்குடா. வெள்ளை, அது மேல மஞ்சள், அதுக்கும் மேல சிவப்பு.”

முழுசாக முடுக்கி முடித்த போல்ட்டின் மேல்தான் லெஸ்டர் பெயிண்டால் கோடு இழுப்பார். இனி தொட வேண்டாம் என்று அர்த்தம். அவருக்கு டார்ச் பிடித்தே வளர்ந்தவள் கோரின்.

“மூணு தடவ முடிச்சிருக்கான்!” ஓட்டிஸ் சிரித்தார். “முடிச்சிட்டு எதுக்குக் கழட்டினான், கிறுக்கன்?”

“வாய மூடு,” என்றார் வெண்டல்.

அப்பா உயிரோடு இருந்திருந்தால் கையிலிருந்த பாத்திரத்தை அவர் தலையிலேயே போட்டு உடைத்திருப்பாள். இவளை வீட்டோடு வைத்துக்கொள்ள, எழுபத்தெட்டு வயதில், தூக்க முடியாத தோளோடு, ஆசையாய் முடுக்கியதையெல்லாம் தானே கழற்றியிருக்கிறார். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, கதவை மூடாமல் குளிரில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் போய் முடிவதற்குள் வண்டி தரையில் இறங்கியிருந்தது. வெண்டல் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டார். ஒரு தடவை தாழ்ந்து எழுந்து அப்படியே நின்றது.

“அலைன்மென்ட் மட்டும் பாத்துக்க. அப்புறம் எந்த மலைக்கு வேணாலும் போ. ஒரு சுத்து சுத்திட்டு வா.”

தெருவைச் சுற்றினாள். வளைவில் வண்டி சாயவே இல்லை, ஒரு சத்தமும் இல்லை. பிடித்த பக்கம் பிடித்தபடி திரும்பியது. தெருமுனையில் வலப்பக்கம் திரும்பினால் நெடுஞ்சாலை. இத்தனை வருஷமும் அப்பாவைக் காரணம் சொல்லியாயிற்று. இனி சொல்ல யாருமில்லை. நாற்பத்தாறு வயதில், தெரியாத ஊரில், தனியாக. அவளுக்குப் பயமாக இருந்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். இடப்பக்கம் ஒடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

“எப்படி?” இருவரும் ஓடி வந்தார்கள்.

கோரின் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இடது பக்கம் ஏதோ சத்தம் வருது, மாமா.”

“சத்தமா? எந்த—” என்று ஓட்டிஸ் ஆரம்பித்தார். வெண்டல் அவர் கையைப் பிடித்து அமர்த்தினார். கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார்.

“பாத்துடலாம், கண்ணு,” என்று ஜாக்கியை எடுக்கப் போனார்.