கிளெமுக்குச் செய்த துப்பாக்கி

நான் செய்த துப்பாக்கி குறி தப்புகிறது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிளெம் சொன்னபோது மட்டும் கோபத்துக்குப் பதில், அட, திரும்ப வந்துவிட்டானே என்று மனசு துள்ளியது. வெட்கங்கெட்ட மனசு.

கிளெம் டைவர், தென் ஆஸ்திரேலியாவில் ஓரரூ ஊருக்கு வடக்கே ஆடு வளர்ப்பவன். மனைவி இறந்தபின் தனியாள். எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் அவனை மிஞ்சிச் சுட ஆளில்லை. போட்டிக்கென்று தன் உடம்புக்கு ஏற்ற, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழ் இழுக்கிற போல்ட் துப்பாக்கி வேண்டுமென்று போன கோடையில் என் பட்டறைக்கு வந்தான்.

குழலைப் பொருத்தி, தோளில் பதியும் கட்டையை அவன் கை நீளத்துக்கு வெட்டினேன். கன்னம் படும் இடத்தின் உயரம் பார்க்க அவனைப் பாயில் குப்புறப் படுக்கவைத்து, தாடையைப் பிடித்துத் திருப்பினேன். ஒரே தடவையில் முடிகிற வேலை. திரும்பத் திரும்ப அளந்தேன். இந்த வயசில் ஒரு பொம்பளைக்கு இது என்ன கூத்து என்று எனக்கே இருந்தது.

அடுத்த மாதமே ஓர் இலக்குத் தாளோடு வந்து நின்றான். தாள் முழுக்க ஓட்டைகள், அம்மை போட்ட மாதிரி.

"பரத்திப் பரத்தி அடிக்குது மெர்ல்."

நானே சுட்டுப் பார்த்தேன். குண்டெல்லாம் ஒரே ஓட்டையில் போயின. அப்படியென்றால் துப்பாக்கியில் குறையில்லை, அவனை அளந்த என் கையில்தான் குறை. கட்டையைக் கொஞ்சம் இழைத்தேன். அடுத்த முறை விசையை இளக்கினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி தின்றபடி மழை வராத கதையைப் பேசுவான். அவன் கார் கிளம்பியதும் பட்டறை வெறிச்சென்று ஆகிவிடும். ஆனால் துப்பாக்கி மட்டும் சரியாகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பில் சிரிப்புதான். "கிளெம், நீ ஆட்டைக் குறி வெச்சா வேலிதான் சாகும்போல" என்றார்கள். அவன் தலைகுனிந்து நின்றதை என்னால் தாங்க முடியவில்லை.

"அடிலெய்டுல துப்பாக்கி செய்யற வெர்னன்கிட்ட போ. என்னைவிடக் கெட்டிக்காரன்" என்றேன். இனி எதற்கு இங்கே வரப் போகிறான்?

"போகணுமா?" என்றான்.

"போய்த்தான் ஆகணும். உன் மானம் போகுது, என் மானமும் போகுது."

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனான்.

சில நாளில் வெர்னன் போன் செய்தான். "ஏம்மா மெர்ல், இந்த ஆளை எதுக்கு இவ்வளவு தூரம் அலையவிட்ட? என் கண்ணு முன்னாடி சுட்டான், அத்தனையும் ஒரே ஓட்டை. அப்புறம் என்னய்யா கோளாறுன்னேன். துப்பாக்கில ஒண்ணுமில்லன்னுட்டு தொப்பியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊரே சிரித்ததே, இங்கே வருவதற்காக அதையெல்லாமா வாங்கிக்கொண்டான்?

அவன் பட்டறைப் பக்கம் வரவில்லை. அந்த ஞாயிறு போட்டி; சுடுதளத்துக்கு நானே போனேன். அவன் சுட்ட தாளைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் நட்ட நடுவில். முதல் பரிசு அவனுக்கு. எல்லாரும் முதுகில் தட்டினார்கள், அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. நேரே அவன் முன்னால் போய் நின்றேன்.

"இது சரியா உக்காரல கிளெம். திரும்ப அளக்கணும். நாளைக்குக் கொண்டா."

அவன் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஆமா மெர்ல்" என்றான். "ரொம்ப மோசமா இருக்கு."