முன்னால் வந்த காயம்

தேசப்பனின் வலது மணிக்கட்டில், விபத்து நடப்பதற்கு முன்பே காயம் வந்துவிட்டது. இரும்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, கஞ்சிக்குக் கையை நீட்டினான். மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி சிவப்பாக ஒரு கோடு ஓடுவதை அவன் மனைவி குணசுந்தரிதான் முதலில் பார்த்தாள். வலி இல்லை. தொட்டால் மட்டும் சுட்டது.

திருவொற்றியூர்க் குப்பத்தில் இதற்காக யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. ரயில் பாதையோரம் ஆலைகள் வந்த நாளிலிருந்தே, புதிதாக வேலைக்குப் போகிறவனின் காயம் அவனை முந்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். கண்ணாடி ஆலையில் சேர்ந்த பரசுராமனுக்குக் கன்னத்தில் கொப்புளம் முதலில் வந்தது, நெருப்பு அப்புறம்தான் வந்தது. காயம் இடத்தைக் காட்டும். என்றைக்கு, எந்த வேலையில் என்று மட்டும் சொல்லாது. பாதிச் சேதியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிற இந்தக் கெட்ட புத்திக்காக அதைத் திட்டாத பெண் அந்தக் குப்பத்தில் இல்லை.

"வேலையே வாணாம்யா. வூட்ல கெட" என்றாள் குணசுந்தரி. அவள் வயிற்றில் ஆறு மாதம். தேசப்பன் ஒரு நாள் போகாமல் இருந்து பார்த்தான். சாயங்காலத்துக்குள் கோடு வாயைத் திறந்து காயமாகிவிட்டது. வீட்டில் இருந்தாலும் அது விடப்போவதில்லை என்று தெரிந்தது. கட்டுமரத்தை ஐப்பசிப் புயல் ஏற்கெனவே சுக்குநூறாக்கியிருந்தது. "கடலுக்குப் போனாலும் இந்தக் கைதான், ஆலைக்குப் போனாலும் இந்தக் கைதான். இது போச்சின்னா நீயும் புள்ளையும் இன்னாத்தத் துன்னுவீங்க?" என்று கேட்டுவிட்டு மறுநாள் கிளம்பிப் போனான்.

ஆலையில் அவனுக்குக் கயிறு பிடிக்கிற வேலை. தண்டவாளத்தில் நிற்கும் சரக்கு வண்டிகளை இழுக்க, தரையில் நட்ட ஓர் இரும்பு உருளை மின்சாரத்தில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். வண்டியில் கட்டிய கயிற்றை உருளையில் சில சுற்றுகள் சுற்றி, மீதி நுனியை ஓர் ஆள் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்தால் வண்டி நகரும், தளர்த்தினால் நிற்கும். பார்ப்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு. மேஸ்திரி அத்தாவுல்லா காயத்தைப் பார்த்ததும் அவனைத் தகடு வெட்டும் பக்கமே விடவில்லை. "கை பத்திரம் நைனா" என்று தினமும் சொல்வார். தேசப்பனும் உலையைக் கண்டால் விலகினான், பல்சக்கரத்தைக் கண்டால் கையை மார்போடு சேர்த்துக்கொண்டான். கயிற்றுக்கு மட்டும் அவன் பயப்படவில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கயிறு இழுத்தவன் எதற்காகப் பயப்பட வேண்டும்?

காயம் ஆழமாகிக்கொண்டே போனது. சனிக்கிழமைக்குள் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு பொட்டு ரத்தம் இல்லை, விரல்களும் நன்றாகவே மடங்கின. அதுதான் குணசுந்தரியை இன்னும் கலங்கடித்தது. அவன் சோறு பிசையும்போதும் பீடி பற்றவைக்கும்போதும் அவள் கண் அந்தக் கையை விட்டு அகலவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கரைவலை இழுக்க ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள். தேசப்பன் போனான். மீன் வாங்கக் கூடையோடு போன குணசுந்தரி தூரத்திலேயே நின்றுவிட்டாள். ஈரக் கயிறு வழுக்கும் என்பதால் கரைவலை இழுப்பவர்கள் அதை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் இழுப்பார்கள். அந்தக் கரை முழுக்க அதுதான் பழக்கம். அந்தக் கயிறு இப்போது தேசப்பனின் காயத்துக்குள் அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்திருந்தது.

"யோவ்! ஆலையிலயும் இப்டித்தான் கவுத்த சுத்திகினு இஸ்துகினு கீறியா?"

"பின்ன எப்டி இஸ்பாங்க? எல்லாரும் இப்டித்தானே..." என்றவன் தன் கையைப் பார்த்தான்.

கடல் வேறு. இழுப்பவன் நின்றால் வலையும் நிற்கும், அலையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அந்த உருளைக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. ஆனால் இது தேசப்பனின் தலைக்குத்தான் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலம் குணசுந்தரி வீட்டுக் கம்பத்தில் கயிற்றைச் சுற்றி, ஒரு நுனியை அவனிடம் கொடுத்து, மறு நுனியைத் தான் பிடித்து இழுத்தாள். கயிறு இறுகியதுமே அவன் கை தானாகச் சுற்றிக்கொண்டது. அவள் அகப்பைக் காம்பால் மணிக்கட்டில் ஒன்று போட்டாள். மறுபடியும் இழுத்தாள், மறுபடியும் சுற்றியது, மறுபடியும் அடி. அடிக்கிறவள் அழுதாள். வாங்குகிறவனுக்குக் கோபம் தலைக்கேறியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்ட பிறகும் அகப்பையைக் கீழே வைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் இதே கூத்துதான்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. இரும்பு ஏற்றிய வண்டியை இழுக்கும்போது உருளையில் ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறிச் சிக்கிக்கொண்டது. இனித் தளர்த்தினாலும் நிற்காது. உருளை கயிற்று நுனியையும் சேர்த்து உள்ளே வாங்க ஆரம்பித்தது. கயிறு ஈரத்தில் வழுக்கியது. தேசப்பனின் கை சுற்றுவதற்காகத் திரும்பியது. உருளையை நிறுத்தும் விசையை நோக்கி அத்தாவுல்லா ஓடினார், ஆனால் அது தூரத்தில் இருந்தது. திரும்பிய கை பாதியில் வெடுக்கென்று ஒதுங்கியது, அகப்பைக்குப் பயந்து ஒதுங்கிப் பழகிய அதே ஒதுங்கல். விரல்கள் விரிந்தன. நுனி சாட்டை மாதிரி பறந்து உருளைக்குள் போனது.

உருளை நின்றபோது கயிற்றிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. தேசப்பனின் மணிக்கட்டு, காயத்தின் சுவடே இல்லாமல், எண்ணெய் தடவிய மாதிரி வழவழவென்று இருந்தது. தரையைக் கழுவச் சொல்லிவிட்டு, வண்டி ஏன் தாமதம் என்று மேலதிகாரி கேட்டார். அத்தாவுல்லா அந்தக் கயிற்றுத் துண்டை வெட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, மரியாதையாக மண்ணில் புதைத்தார். திங்கட்கிழமையிலிருந்து புது ஆட்கள் அவரிடம் கையையும் காலையும் காட்டிவிட்டு, முன்னால் என்ன தொழில் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது.

தேசப்பன் அதற்குப் பிறகு, குழந்தை பிறந்த பின், கரைவலைக்கு ஒரே ஒரு முறைதான் போனான். கை சுற்ற மறுத்துவிட்டது. கயிறு வழுக்கிக்கொண்டே போக, மற்றவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீ குந்து மாமு" என்று சொல்லிவிட்டார்கள். மணலில் உட்கார்ந்து அவன் வாய்விட்டு அழுதான். கை தப்பித்துவிட்டது, கடல்தான் அதிலிருந்து போய்விட்டது. குணசுந்தரி பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குழந்தையை அந்தக் கையில் கொடுத்தாள். கை அதை இறுகப் பிடித்துக்கொண்டது.

நான்கைந்து வருஷம் கழித்து அவள் தம்பி கருணாகரனுக்கு மரம் அறுக்கும் பட்டறையில் வேலை கிடைத்தது. முதல் நாள் காலை கஞ்சிக்குக் கையை நீட்டினான். கட்டைவிரலின் அடியில் மெல்லிய சிவப்புக் கோடு.

"வந்துச்சா?" என்று கேட்டாள் குணசுந்தரி. கஞ்சியை ஊற்றிவிட்டு, அகப்பையைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு, அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "சரி. கட்டைய எப்டிப் புடிப்ப, காட்டு."