அறுநூற்று இருபது கலோரி

எடை மெஷினில் ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். கம்மலைக் கழற்றிப் பர்சுக்குள் போட்டேன். தலையிலிருந்த கிளிப்பையும் எடுத்தபோது ஆஸ்பத்திரி கோஆர்டினேட்டர் மேடம் சிரித்துவிட்டார். "கிளிப்புல என்னம்மா இருக்கப் போகுது?" என்றார். பதினெட்டு கிராம் இருக்கும். பிஸ்கட் கம்பெனியில் பதினான்கு வருடமாக எடை பார்க்கிற வேலை எனக்கு. எதைக் கையில் எடுத்தாலும் கிராம் கணக்கு தானாக வந்து நிற்கும். அங்கே என்னைக் 'கிராம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள், மேனேஜர் உட்பட.

மெஷின் எண்பது புள்ளி நான்கு என்றது. இறங்கி மறுபடியும் ஏறினேன். அதே எண்பது புள்ளி நான்கு. பதினொரு வாரத்துக்கு முன்னால் இதே மெஷினில் எண்பத்தொன்று. தினமும் விடிகாலையில் எழுந்து, நாக்குத் தள்ள ஓடி, இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கி, கடைசியில் அறுநூறு கிராம். எங்கள் கம்பெனியின் குடும்பப் பாக்கெட் ஒன்றின் எடை.

மேடம் சிரிப்பதை நிறுத்திவிட்டு நாற்காலியை எனக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டார். "இன்னும் மூணு வாரத்துல டாக்டருங்க டீம் கூடுவாங்க. அதுக்குள்ள எழுபத்தஞ்சுக்கு வரலேன்னா உங்களை டோனரா எடுத்துக்க மாட்டாங்க. உங்க தம்பிக்கு இதயம் பலவீனமாகிட்டே வருது. அடுத்த வருஷம் ஆபரேஷனைத் தாங்குவாரான்னு எங்களால சொல்ல முடியல." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாவது கூடச் சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்வியில் இருந்த இரக்கம்தான் என்னைக் கூசிப்போக வைத்தது.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அவன் மனைவியின் ரத்தம் சேரவில்லை, அம்மாவுக்குச் சர்க்கரை. எனக்கு எல்லாம் பொருந்தியது, உடம்பைத் தவிர. எடையைக் குறைத்துவிட்டு வந்தால் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். சம்மதப் பத்திரத்தில் என் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வெளியே வந்து, "ரெண்டே மாசத்துல குறைச்சுடலாம், என்கிட்ட விடு" என்றார்.

அவர் ஜிம்களுக்குப் போய் மெஷின் பழுது பார்க்கிறவர். பெல்ட் மாற்றுவது, மோட்டார் கழற்றுவது, திரை எரியாவிட்டால் எரிய வைப்பது. மூடிப்போன ஒரு ஜிம்மிலிருந்து ஒரு ட்ரெட்மில்லை வாங்கி, ஆள் வைத்து இரண்டு மாடி தூக்கி வந்து, ஹாலில் சாப்பாட்டு மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போட்டார். இரண்டு நாள் அதன் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதேதோ செய்தார். பிறகு என்னை ஏற்றி நிறுத்தி, "இந்தப் பச்சைப் பொத்தானை மட்டும் அழுத்து. மத்ததெல்லாம் நான் செட் பண்ணிட்டேன். வேற எதையும் தொடாதே" என்றார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. யார் வீட்டுப் புருஷன் இப்படிச் செய்வான்?

ஒரு நிமிடம் தலைதெறிக்க ஓட்டம், ஒரு நிமிடம் நடை. இப்படி முப்பத்தைந்து நிமிடம். முதல் வாரம் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடப் பழகினேன். முடிந்ததும் துண்டை நீட்டிக்கொண்டே அவர் திரையை எட்டிப் பார்ப்பார். "அறுநூத்தி இருபது. அடேயப்பா." கையில் ஒரு பெரிய டம்ளர் இருக்கும். பாலில் இரண்டு வாழைப்பழமும் வேர்க்கடலையும் போட்டு அடித்தது. பக்கத்தில் இரண்டு முட்டை. "அறுநூறு செலவாச்சுன்னா நானூறாவது திருப்பிக் குடுக்கணும். இல்லாட்டி உடம்பு பயந்துபோய்க் கொழுப்பைப் பிடிச்சு வச்சுக்கும்" என்பார். மெஷின்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று குடித்தேன். பசிக்கிற வாய்க்கு அது ருசியாகவும் இருந்தது, அதை ஏன் மறைப்பது. பேக்கிங் பகுதிப் பெண்களிடம் அறுநூற்று இருபதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மாலை ஐந்தரை. அவர் வேலையிலிருந்து வரவில்லை. மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். காலையில் ஓடிய கால்கள் கெஞ்சினாலும் உடையை மாற்றிக்கொண்டு மெஷினில் ஏறினேன். பச்சைப் பொத்தானில் விரலை வைத்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. கம்பெனியில் ஒவ்வொரு ஷிப்டும் தொடங்கும்போது தராசில் எடைக்கல்லை வைத்துப் பார்க்காமல் ஒரு பாக்கெட்டைக்கூட நான் விட்டதில்லை. புதுத் தராசு, வெளிநாட்டுத் தராசு என்று எந்தக் கதை சொன்னாலும் கல்லை வைக்காமல் நம்ப மாட்டேன். இந்த மெஷினை மட்டும் பதினொரு வாரமாகக் கல் வைக்காமல் நம்பியிருக்கிறேன்.

தொடக்கூடாது என்று சொன்ன பொத்தானைத் தொட்டேன். வயது என்று கேட்டு, ஏற்கெனவே இருந்த இருபத்தைந்தைக் காட்டியது. மறுபடி அழுத்தினேன். எடை நூற்று நாற்பது கிலோ.

சிரிப்புதான் வந்தது. அந்த ஜிம்மில் மலை மாதிரி எவனோ ஒருத்தன் ஏறியிருக்கிறான், இவர் மாற்ற மறந்துவிட்டார். பதினொரு வாரமாக அவன் கரைத்த கலோரியை நான் என் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வயதை முப்பத்தெட்டாக்கினேன், எடையை எண்பத்தொன்றாக்கினேன். அதே வேகம், அதே முப்பத்தைந்து நிமிடம். முடிந்தபோது முந்நூற்று ஐம்பத்தெட்டு என்றது. மெஷினின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். முந்நூற்று ஐம்பத்தெட்டு செலவு, நானூறு வரவு. இரவில் அரை வயிற்றோடு கிடந்ததால்தான் அந்த அறுநூறு கிராமாவது குறைந்திருக்கிறது.

அவர் வந்ததும் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். சொல்லவில்லை. எட்டு மணிக்கு வந்தார், சட்டையெல்லாம் கிரீஸ். அவருடைய தொழிலில், சொந்த வீட்டில், சொந்தப் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார் என்று நினைத்தேன். சத்தமில்லாமல் நானே சரிசெய்துவிட்டேன், இருக்கட்டும், டம்ளரை மட்டும் நாளையிலிருந்து ஏதாவது சொல்லித் தவிர்த்துவிடலாம். ஆஸ்பத்திரியில் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். "விடு, உன்னால முடிஞ்சதைச் செஞ்சே" என்று முழங்காலுக்குத் தைலம் தடவிவிட்டார். படுக்கப் போகும் முன் வழக்கம்போல மெஷினிடம் போய் பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டார். எவ்வளவு அக்கறை என்று தினமும் நான் நினைக்கிற காட்சிதான் அது.

காலையில் ஏறியதும் பச்சைக்குப் போகாமல் நேராக அந்தப் பொத்தானை அழுத்தினேன். இருபத்தைந்து வயது. நூற்று நாற்பது கிலோ.

அப்போதும் நான் அவரைச் சந்தேகப்படவில்லை. கரண்டை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுகிற மெஷினாக இருக்கும் என்று பார்த்தேன். எண்பத்தொன்று என்று போட்டேன். இறங்கிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். நூறு வரை எண்ணினேன். திரும்பச் செருகிப் பார்த்தேன். எண்பத்தொன்று. இன்னொரு முறை பிடுங்கி இன்னொரு முறை பார்த்தேன். எண்பத்தொன்று அசையாமல் இருந்தது. மெஷின் தானாக எதையும் மாற்றவில்லை. நிமிர்ந்தபோது சமையலறை வாசலில் அவர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. ஏதாவது பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பழைய ஜிம், கெட்டுப்போன போர்டு, ஏதாவது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ.

"பாப்பா எழுந்துடப் போறா. மெதுவாப் பேசு" என்றார்.

"நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல."

டம்ளரை மேஜையில் வைத்தார். "சரியான எடையப் போட்டாலும் அது கூடத்தான் காட்டும். நீ கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு ஓடுற, அதுலயே பாதி உழைப்பு போயிடும். எந்த மெஷினும் உள்ளதை உள்ளபடி சொல்றதில்ல. குறைச்சுக் காட்டினா மறுநாள் யாரு வந்து ஏறுவா? நான் அதுக்கு மேல கொஞ்சம் சேர்த்தேன். அவ்வளவுதான்."

"எதுக்குன்னுதான் கேக்கறேன்."

"கையெழுத்து போட்ட அன்னிக்கு அந்த டாக்டர் என்னென்ன ஆகலாம்னு ஒவ்வொண்ணா சொன்னாரு. நீ உன் தம்பிக்கு மெசேஜ் அனுப்பிக்கிட்டிருந்தே. நான்தான் கேட்டேன். ஒண்ணுவிடாம நான்தான் கேட்டேன்."

"பிடிக்கலேன்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பியா? அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, சாகற வரைக்கும் நீங்கதானே தடுத்தீங்கன்னு கேப்பே. எடை குறையலேன்னா அது யாரோட தப்பும் இல்ல."

"என் தப்பு" என்றேன். "பதினொரு வாரமா அது என் தப்பாத்தான் இருந்துச்சு."

தம்பிக்காக வாயைக் கட்டத் தெரியாத அக்கா என்று நானே என்னைக் காறித் துப்பிக்கொண்ட நாட்கள் எத்தனை. குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதிருக்கிறேன். கதவைத் தட்டி, "அழாதே, நாளைக்குக் குறையும்" என்று சொன்னவர் இவர்தான். சொல்லிவிட்டுப் போய் நூற்று நாற்பது சரியாக இருக்கிறதா என்று பார்த்திருப்பார். வேறொரு பெண்ணோடு போயிருந்தால்கூட எனக்கு இப்படி எரிந்திருக்காது என்று தோன்றியது. அது என் உடம்பைத் தொட்டிருக்காது. இது தினமும் ஒரு டம்ளராக என் உடம்புக்குள்ளேயே இறங்கியிருக்கிறது.

"அவனுக்கு வேற யாராவது கிடைப்பாங்க" என்றார். "எனக்கும் பாப்பாவுக்கும் வேற யாரு கிடைப்பா?"

ஒரு நிமிடம் மனசு இளகத்தான் செய்தது. இளகியது என்பதே என் கோபத்தைக் கூட்டியது. பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஓடுகிற உடையிலேயே படியிறங்கினேன்.

அன்று தம்பிக்கு டயாலிசிஸ் நாள். பஸ் வந்தது, ஏறவில்லை. ஏழு கிலோமீட்டரும் நடந்தேன், தெருவில் ஆள் இல்லாத இடங்களில் ஓடினேன். பால் வண்டிக்காரர் ஒருவர் என்னவோ ஏதோவென்று வண்டியை நிறுத்திக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லாததால் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. எவ்வளவு ஆயிற்று என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. இடுப்பெலும்புக்குள் வலி பிடுங்கியது. மூன்று வாரத்தில் ஐந்தரைக் கிலோ. முடியாது என்று என் தொழில் சொன்னது. முடியாது என்று தெரிந்துகொண்டே ஓடினேன்.

டயாலிசிஸ் அறையில் அவனுக்கு மூன்றாவது கட்டில். ஊசி குத்திய கையை நீட்டி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்னக்கா, ஓடியா வந்தே?"

"ஆமாடா."

மேலும் கீழும் பார்த்தான். "நல்லா இளைச்சுட்டேக்கா. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு."

என் கன்னம் எனக்குத் தெரியாதா. துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தேன். "மாமாதான் உன்னை விடாம ஓட வைக்கிறாராமே" என்றான். "போன வாரம் இங்க வந்தப்ப சொன்னாரு. இன்னும் கொஞ்சந்தான், ஆயிடும்னாரு. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே ஒரு மாதிரி ஆயிடுச்சுக்கா. எந்த மாமா இவ்வளவு செய்வாரு?"

வாயைத் திறந்தேன். சொன்னால் இருக்கிற பிடிமானமும் போய்விடும் இவனுக்கு. சொல்லாவிட்டால் மூன்று வாரம் கழித்து, அக்காவால் வாயைக் கட்ட முடியவில்லை என்று நினைத்துக்கொள்வான். நினைத்தாலும் சொல்ல மாட்டான். இதே மாதிரி சிரிப்பான்.

"ஏன் நிக்கிற? உக்காருக்கா" என்று நல்ல கையால் போர்வையை ஒதுக்கிக் கால்களைச் சுவர்ப் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். மெத்தை என் பக்கம் சட்டென்று அமுங்கியது. ஐம்பது கிலோகூட இல்லாத அவன் உடம்பு அப்படியே என்னை நோக்கிச் சரிந்தது. டியூப் இழுபட்டு மெஷின் கீச்சென்று கத்தியது. "அசையாதீங்க, கை அசையக்கூடாது" என்று நர்ஸ் அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "ஒண்ணுமில்லக்கா, நீ உக்காரு" என்றான் அவன். நான் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, அவன் சரியாத உயரத்துக்கு இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, உட்கார்ந்திருப்பது போலவே அப்படியே நின்றேன். தொடைகள் நடுங்கத் தொடங்கின.