முன்வரிசையில் ஏழு நாற்காலி

அலெக்சாந்திரியாவில் ஏழு மணி நாடகத்துக்கு ஏழு மணிக்கே போகிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். எங்கள் நண்பர் கூட்டத்தில் பைத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

நிஹால் தனியொருத்தியாக ஒன்றரை மணி நேரம் நடிக்கும் நாடகம். பகலில் பல் மருத்துவரிடம் வேலை, மாலையில் ஒத்திகை என்று இரண்டு வருஷம் கிடந்து உழைத்தாள். டிராம் பாதையோரத்து மாடி அரங்கில் மொத்தமே நாற்பது நாற்காலிகள். அரங்கின் சொந்தக்காரர் ஹில்மி கறாராகச் சொல்லியிருந்தார். நாடகம் தொடங்கும்போது நாற்பதிலும் ஆள் இருந்தால் இன்னும் ஒரு வாரம் நடத்தலாம். இல்லாவிட்டால் நாளையிலிருந்து அரங்கு நிச்சயதார்த்தங்களுக்குப் போய்விடும்.

"நம்ம ஆளுங்க ஏழு பேரையும் நான் கொண்டுவந்து உக்கார வைக்கிறேன். நீ நடிப்பைப் பாருடி," என்று நிஹாலுக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஆறரைக்கே போய் எனக்குப் பக்கத்தில் ஏழு நாற்காலிகளைப் பிடித்தேன். ஒன்றில் கைப்பை, ஒன்றில் சால்வை, ஒன்றில் குடை, மற்றதிலெல்லாம் நாடக விளம்பரத் தாள்.

அறை மளமளவென்று நிறைந்தது. மூன்று மாணவிகள் வந்து, "இங்க யாராச்சும் வராங்களாக்கா?" என்று கேட்டார்கள்.

"வராங்கம்மா. நடிக்கிறவளோட சிநேகிதங்க," என்றேன், சற்றுப் பெருமையாகவே. அவர்கள் படியிறங்கிப் போனார்கள். மாமியாரோடு வந்த ஒரு தம்பதிக்கும் அதே பதில்தான். கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் சால்வையைத் தொட்டே விட்டார். அவரிடம் குரலை உயர்த்த வேண்டியதாயிற்று.

ஏழாக ஐந்து நிமிடம். அந்த ஏழு பேரில் ஒருவனான வக்தீக்கு போன் போட்டேன்.

"கீழதான் இருக்கோம், இனாஸ். ஈரல் சாண்ட்விச் சூடா போடுறான். உனக்கும் ஒண்ணு வாங்கட்டுமா?"

"மேல ஏறி வா, வக்தீ. இன்னைக்கு நேரத்துக்கு ஆரம்பிக்கிறாங்க."

"எந்த ஊர்ல நேரத்துக்கு ஆரம்பிச்சிருக்காங்க? ரெண்டே நிமிஷம், இன்ஷா அல்லா."

அந்த இன்ஷா அல்லாவின் அர்த்தம் தெரிந்தும் நம்பினேன். ஏழடித்தது. ஹில்மி வாசலில் நின்று விரலை நீட்டி நீட்டித் தலைகளை எண்ணினார். முப்பத்துமூன்றோடு விரலை மடக்கிக் கதவைச் சாத்தினார். விளக்கு அணைந்தது.

நிஹால் நடித்தாள். அப்படி ஒரு நடிப்பை நான் கண்டதில்லை. ஆனால் ரசிக்க விட்டதா என் கோபம்? இருட்டில் உட்கார்ந்து அந்த ஏழு பேரையும் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கைதட்டலுக்குக் கதவு திறந்தது. ஏழு பேரும் ஆளுயரப் பூங்கொத்தோடு நுழைந்தார்கள். அவர்களில் ஷெர்வீத் உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டே, "எல்லாரும் நிஹாலைச் சுத்தி நில்லுங்க, ஒரு படம்," என்றாள்.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு? ரெண்டு வருஷ உழைப்பை ஒரு சாண்ட்விச்சுக்கு வித்துட்டீங்களே. நாளைக்கு ஆட்டம் கிடையாது, தெரியுமா? பூவைக் கொண்டுபோய் நிச்சயதார்த்த வீட்டுல குடுங்க," என்று கத்தினேன்.

நிஹால் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டே என் தோளைத் தொட்டாள்.

"அவங்களை விடு, இனாஸ். அவங்க எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியாதா? திரைக்குப் பின்னால நின்னு பாத்துட்டே இருந்தேன். அந்தப் பொண்ணுங்க மூணு பேரும் உன் முன்னாடிதானே நின்னாங்க. அந்தக் கப்பல்காரரும்தான். அவங்களையாவது உக்கார விட்டிருக்கலாம்ல?"

வக்தீ இன்னும் படத்துக்கு என்னை அழைத்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து, நாற்காலி நாற்காலியாக என் சாமான்களைப் பொறுக்கினேன்.