ஆவியாகும் வீரய்யா

ஆலங்குடிப் பிண்ணாக்கு ஆலையில் வேலை பார்த்த வீரய்யா, 1959 சித்திரையிலிருந்து வெயில் ஏறினால் ஆவியாகிவிடுவார். கடலைப் பிண்ணாக்கில் செக்கு விட்டுவைத்த எண்ணெயை எடுக்கும் ஆலை அது. தண்ணீர்போல் தெளிந்த, பெட்ரோல் வாடையடிக்கும் சால்வென்டை ஊற்றினால் எண்ணெய் கரைந்து இறங்கும். காய்ச்சினால் எண்ணெய் தங்கி, சால்வென்ட் ஆவியாகிப் பறக்கும். அதைக் குளிரவைத்து மறுபடி ஊற்றுவார்கள். அதிலேயே கிடந்த மனிதருக்கும் அதே குணம் வந்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் வீட்டு ஈரச்சாக்கில் முத்துமுத்தாய்ப் படிந்து, சொட்டி, எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பார்.

மேஸ்திரி நல்லதம்பி அதிசயப்படவில்லை. “சால்வென்ட்னா டன்னுக்குக் கொஞ்சம் போகத்தான் செய்யும்,” என்றார். வீரய்யாவும் நாளுக்கு நாள் குறைந்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து எங்கோ எரியும் அடுப்பைத் தேடிப்போய்ப் பற்றிக்கொள்ளும். ஆகவே மனைவி செங்கமலம் அடுப்பைத் தோப்புக்கு மாற்றினாள். வீட்டில் கார்த்திகைக்கும் விளக்கில்லை. ஏழு வருடம் இப்படிப் போனதில் அவளுக்கு அலுத்துப்போயிற்று, அதை மறைக்கவுமில்லை.

அறுபத்தாறு தையில் மகள் சொர்ணவல்லிக்குக் கல்யாணம். கீரமங்கலத்துச் சம்பந்தி சிவசாமி, விளக்கில்லாமல் எப்படித் தாலி கட்டுவது என்றார்.

“நான் அங்கிட்டு ஒதுங்கிக்கிறேன் புள்ள. போயிப் போயி வந்து எனக்கும் சலிச்சுப்போச்சு,” என்றார் வீரய்யா.

“பெத்தவுக தாரை வாக்காம எப்புடி? நீங்க நிக்கணும்,” என்றாள் செங்கமலம்.

கடைசியில் சிவசாமி இறங்கிவந்தார். குளிரோடு குளிராக விடியலில் முகூர்த்தம்; திரி போட்ட குத்துவிளக்கை ஏற்றாமல் வைப்பது; சமையல் தோப்பில். வீரய்யா மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் வார்த்தார். தாலி ஏறியது. பெண்கள் குலவையிட்டார்கள். வெயில் பந்தலுக்குள் எட்டிப்பார்த்தது. மாப்பிள்ளையின் அத்தை சின்னப்பிள்ளை, கல்யாணம் என்றால் கை தானாகச் செய்கிற வேலையாக, மஞ்சள் பிள்ளையாருக்குத் தட்டில் சூடம் கொளுத்திவிட்டாள்.

நீலச்சுடர் தரையோடு ஓடிவந்து தட்டில் ஏறி ஆளுயரம் நின்றது. ஓலைப் பந்தல் கருகவில்லை. யாரையும் சுடவில்லை. செங்கமலம் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டாள். வழக்கம்போல் எல்லாரும் எழுந்து வரிசையாய் வந்து கை காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்; மணமகளும் ஒற்றிக்கொண்டாள். தன் முறை வந்தபோது சிவசாமி சம்பந்தியைத் தேடினார்.

“அவுகதாங்க. ஒத்திக்கங்க,” என்றாள் செங்கமலம்.

அவர் ஒற்றிக்கொண்டார். சுடர் தணியும்வரை அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. பிறகு முதல் பந்திக்கு இலை போட்டார்கள்.