தவறிய புத்தகங்களின் அலமாரி

1

இந்தக் கதையை நான் எழுதத் தொடங்கியது, ஒரு கடிதத்தை எழுதாமல் தப்பிப்பதற்காக.

நூலகக் குழுவுக்கு எழுத வேண்டிய கடிதம் அது. பத்து வரி போதும். ஒரு புகாரின் பேரில் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் குழு கூடுகிறது. எங்கள் நூலகத்தின் நான்காவது அலமாரியைப் பழைய தாளாகக் கழித்துவிட்டு, நூலகரையும் வேறெங்காவது மாற்றிவிடுவதா என்று அன்று முடிவாகும். எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் அந்த முடிவு மாறக்கூடும். திங்கட்கிழமை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து "பெறுநர்" என்று எழுதினேன். ஒரு மணி நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை அடித்துவிட்டு, கீழே "ஒரு நூலகத்தில்" என்று எழுதினேன். கடிதத்துக்கு நகராத கை கதைக்கு ஓடியது. கதையில் நாற்காலிகளை இடம் மாற்றிப் போடலாம் அல்லவா?

2

முதல் தொடக்கம்: மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், அந்த நூலகத்தின் மாடிப்படியில்

(நிறுத்திவிட்டேன். அன்று மழை இல்லை. மழை பெய்தால் எல்லோருடைய குற்றமும் கொஞ்சம் அழகாகத் தெரியும்.)

இரண்டாம் தொடக்கம்: அந்த நூலகர் மிக நல்லவர்.

(இது நற்சான்றிதழ். கதை இல்லை.)

மூன்றாம் தொடக்கம்: அந்த நூலகத்தில் உயிரியல் படிக்க வருகிற எவருக்கும் ஐந்து தாள் கொண்ட ஒரு பட்டியல் தரப்படும்.

இது நிற்கும் என்று தோன்றுகிறது. இதிலிருந்தே போகிறேன்.

3

பட்டியலைப் பதினொரு வருடமாக நூலகரே தயாரித்துவருகிறார். ஐம்பதைத் தொட்ட பெண்மணி. படித்தது கணக்கு. "உயிரியல் எனக்குத் தெரியாது, அதனாலதான் எங்க தேடணும்னு தெரியும்" என்பார்.

முதல் தாளில் இன்றைய பாடநூல்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி: "நல்ல நூல். மூன்றாம் அத்தியாயத்தில் பயப்பட வேண்டாம், எல்லோரும் பயந்தார்கள்." இரண்டாம் தாளில் இலவச இணையதளங்கள்: "மெதுவாகத் திறக்கும். ஜன்னல் பக்கக் கணினியில் முயலவும்." மூன்றாம் தாளில் உயிரியலின் வரலாறு: கடல் பயணிகளின் நாட்குறிப்புகள், முந்நூறு வருடத்துக்கு முன் யாரோ தாளில் ஒட்டிக் காயவைத்த இலைகள், அருங்காட்சியக இழுப்பறைகளில் வரிசையாக உறங்கும் வண்டுகள், எல்லாவற்றின் படங்களும் எங்கே கிடைக்கும் என்ற விவரம். ஐந்தாம் தாளில் தலைப்பு, "ஒன்றுமே கிடைக்காதவர்களுக்கு". கீழே: ஒரு வெங்காயம், ஒரு பிளேடு, ஒரு கண்ணாடித் துண்டு, நூலகத்தின் நுண்ணோக்கி, செவ்வாய்க்கிழமை பிற்பகல்.

நான் மெய்ப்புப் பார்ப்பவன். பட்டியல்களைப் படிப்பது என் தொழில். யாரும் கேட்காமலே நான் இரண்டு முறை படித்த பட்டியல் இது ஒன்றுதான்.

நான்காம் தாளை விட்டுவிட்டேன். வேண்டுமென்றுதான்.

நான்காம் தாள் நான்காவது அலமாரிக்கு வழிகாட்டும். அங்கே இருப்பவை தவறிப்போன புத்தகங்கள். ஒரு காலத்தில் வகுப்பறைகளில் சத்தமாகப் படிக்கப்பட்டவை. பிறகு அறிவியல் நகர்ந்துவிட்டது. மற்ற நூலகங்கள் இவற்றைக் கழித்துக்கட்டும். இவரோ தேடித் தேடிச் சேர்த்தார். அலமாரியின் மேல் அவர் கையெழுத்தில் ஓர் அட்டை: "இங்குள்ள ஒவ்வொரு நூலிலும் அறிஞர்கள் நம்பிய ஒரு தவறு இருக்கிறது. எதுவென்று சொல்லமாட்டேன். கண்டுபிடித்தால் வந்து சொல்லுங்கள்."

(இதை எழுதும்போதே ஒரு பொறாமை வருகிறது. இருபத்திரண்டு வருடம் பிழைகளை அடித்தே பிழைத்தவன் நான். பிழையை இவ்வளவு மரியாதையாக ஓர் அலமாரியில் உட்காரவைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.)

4

இப்போது அந்தப் பெண் வர வேண்டும்.

மருத்துவமனை ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவுபவர். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். சோப்புத் தண்ணீரில் விரல் நுனிகள் தோலுரிந்திருக்கும், அதனால் புத்தகத்தை விரல் கணுவால் புரட்டுவார். ஆய்வக நுட்பர் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு இரண்டே வாய்ப்பு. இது முதலாவது.

"பதினெட்டு வருஷமா கழுவறேன்ணா. உள்ள என்ன இருந்துச்சுன்னு ஒரு நாள் ஒருத்தரும் சொன்னதில்ல. நானே தெரிஞ்சுக்கலாம்னுதான்."

புதிய பாடநூலின் இரண்டு பிரதிகளும் வெளியே போயிருந்தன. வாசிப்பு மேசையில் யாரோ எடுத்துப் படித்துவிட்டு அப்படியே வைத்துப்போன ஒரு பழைய நூல் கிடந்தது. எளிய தமிழ், பெரிய எழுத்து, நல்ல படங்கள். அதையே எடுத்துக்கொண்டார். பதினேழாம் படத்தில் நின்றார். அதை என் நினைவிலிருந்து இங்கே வரைகிறேன்:

× × × × × × × × × ×
× × × × × × × × ×
× × × × × × × × × ×
× × × × × × × ×
× × × × × × × × ×

படம் 17. மனித உடல் செல் ஒன்றின் குரோமோசோம்கள் (48).

(எண்ணினீர்களா, இல்லை அடுத்த வரிக்கு வந்துவிட்டீர்களா? வந்திருந்தால் தப்பில்லை. நல்ல துணை உங்களுக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்.)

அந்தப் பெண் எண்ணினார். பென்சில் நுனியால் தொட்டுத் தொட்டு, நான்கு முறை. பிறகு எதிரே உட்கார்ந்திருந்த, வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.

"கொஞ்சம் எண்ணிப் பாருங்களேன். எனக்கு நாப்பத்தாறுதான் வருது."

வங்கிக்காரர் எண்ணினார். அவருக்கும் நாற்பத்தாறுதான் வந்தது.

"கீழ நாப்பத்தெட்டுன்னு அச்சடிச்சிருக்கானேம்மா" என்றார். "ரெண்டு ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டியிருக்கும். படம் எடுத்தவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது? அச்சுல இருக்கறத எழுதுங்க."

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. அச்சில் இருந்ததை எழுதினார். ஒரு மதிப்பெண்ணில் இடம் போயிற்று.

(இந்த வங்கிக்காரரை எனக்குப் பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க எண்ணிப் பழகிய மனிதர், தன் எண்ணிக்கையை இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பாரா? ஏதோ இடிக்கிறது. இருக்கட்டும், மேலே போகிறேன்.)

5

முடிவு வந்த மறுநாள் அந்தப் பெண்ணின் அக்கா நூலகத்துக்கு வந்தார். தங்கையைக் கையோடு இழுத்துவந்திருந்தார்.

"நீங்கதானே இங்க எல்லாம்? இந்தப் புஸ்தகத்துல தப்பு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா" என்றார் நூலகர்.

"கேட்டுக்கோங்க எல்லாரும்! தெரியுமாம்! திரிஞ்ச பாலைக் கடையில வெச்சுட்டு, கண்டுபிடிச்சா வந்து சொல்லுங்கன்னு போர்டு மாட்டுற கடைய இப்பதான் பாக்குறேன்!"

யாரோ சிரித்தார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பினார். "சிரிங்க, சிரிங்க. வீட்டுக்குப் போய் உங்க புள்ளைங்க புஸ்தகத்தயும் ஒரு தடவ பாத்துட்டுச் சிரிங்க."

நூலகர் எழுந்து நின்றுதான் பதில் சொன்னார். "தப்பு என்னோடதுதான். அட்டையை அலமாரியில மாட்டினேன். புத்தகம் அலமாரியை விட்டு நடந்து வரும்னு யோசிக்கல. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கணும்."

"இப்ப ஒட்டுனா போன மார்க்கு வருமா?"

"வராது."

அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு அக்காவிடம் கொஞ்சம் சத்தம் குறைந்தது. தங்கை முழங்கையைப் பிடித்து இழுத்தார். "விடுக்கா. நான்தான் எண்ணினேனே. எனக்கு நாப்பத்தாறுதான் வந்துச்சு."

"அப்புறம் ஏன்டி மாத்தி எழுதுன?"

"எதுத்தாப்புல இருந்தவர்கிட்ட கேட்டேன். அச்சுல இருக்கறத எழுதச் சொன்னார்."

"யாரு அந்த மேதாவி? இங்க இருக்காரா?"

அந்தப் பெண் அறையைச் சுற்றிப் பார்த்தார். மேசை மேசையாக வந்த பார்வை வங்கிக்காரரின் முகத்தில் ஒரு கணம் நின்றது. வங்கிக்காரர் செய்தித்தாளை உயர்த்தி

இல்லை.

வங்கிக்காரர் யாரும் கிடையாது. செய்தித்தாளை உயர்த்தியது நான்.

"ஞாபகம் இல்லக்கா" என்றார் அந்தப் பெண்.

6

இந்தக் கதையின் மூன்று பிரதிகளில் அந்த நாற்காலியில் வேறு வேறு ஆட்களை உட்காரவைத்துப் பார்த்தேன். ஒரு பிரதியில் தையல்காரர், ஒரு பிரதியில் ஓட்டுநர், கடைசியில் வங்கிக்காரர். ஒருவரும் அதில் பொருந்தவில்லை. அந்தத் தவறைச் செய்ய என் தொழில் வேண்டும். மெய்ப்புப் பார்ப்பவன் அச்சை மூலத்தோடு ஒப்பிடுவான். மூலத்தை உலகத்தோடு ஒப்பிடமாட்டான்.

புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவந்து மேசையில் விட்டுப்போனவனும் நான்தான். அட்டையை நான் படித்திருந்தேன். புத்தகத்தில் ஒரு தவறு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பொருளடக்கத்தில் ஒரு பக்க எண் மாறியிருந்ததை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தேன். ஆஹா, இதுதான் அது என்று திருப்தியாக அமர்ந்துவிட்டேன். அட்டையில் "அறிஞர்கள் நம்பிய தவறு" என்று எழுதியிருந்தும்!

குழுவிடம் புகார் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா போன பிறகு, நூலகர் நாற்பத்தெட்டின் கதையைச் சொன்னார். என்னிடம் என்று இல்லை, புத்தகத்தின் முதுகைத் துடைத்தபடி பொதுவாக. முப்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுவதும் நாற்பத்தெட்டு என்றுதான் இருந்ததாம். அந்த எண்ணைச் சொன்னவர் திசுவை மெல்லிய சீவல்களாக அரிந்து, நூல்கண்டு போல் சிக்கிக் கிடந்ததைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். அவரே முதலில் நாற்பத்தாறா நாற்பத்தெட்டா என்று தடுமாறியிருக்கிறார். அவர் முடிவு செய்த பிறகு, மற்றவர்கள் கண்ணுக்கும் நாற்பத்தெட்டு தெரிய ஆரம்பித்தது. ஓர் ஆய்வகத்தில் நாற்பத்தாறுதான் கிடைத்தது. மீதி இரண்டைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார்கள். பிறகு செல்லை நன்றாக விரித்துப் பார்க்கும் வழி ஒன்று கிடைத்தது. இரண்டு பேர் எண்ணினார்கள். நாற்பத்தாறு என்று எழுதினார்கள்.*

"அந்தப் பொண்ணு தனியா, பென்சிலை வெச்சு அந்த இடத்துக்கு வந்துட்டா" என்றார் நூலகர். "என் அலமாரியில இத்தனை வருஷத்துல நடந்த பெரிய விஷயம் அது. யாருக்கும் தெரியாமப் போச்சு."

* எழுதுவதற்கு முன் எத்தனை முறை எண்ணியிருப்பார்கள் என்று நினைத்துப்பார்க்கிறேன். உலகமே வேறு எண் சொல்லும்போது தன் கண்ணை நம்புவது எனக்குத் தெரியாத தைரியம். அந்தப் பெண் நான்கு முறை எண்ணினார். நான் மூன்று முறை எண்ணினேன், அவரிடம் ஒரு முறை என்றுதான் காட்டிக்கொண்டேன்.

குழுவிடம் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: அலமாரி தன் வேலையைச் சரியாகச் செய்தது. பள்ளியைப் பாதியில் விட்ட ஒருவரை அச்சிட்ட வரியைச் சந்தேகிக்கவைத்தது. அந்தச் சந்தேகத்தை அணைத்தவன் நான்.

7

சாத்தியமான முடிவுகள்.

அ. நான் போய்ச் சொல்கிறேன். குழுவினர் நெகிழ்ந்து, அலமாரியை விட்டுவைக்கிறார்கள். (என்னை நாயகனாக்கும் முடிவு. வேண்டாம்.)

ஆ. நான் போகவில்லை. அலமாரி போகிறது. நூலகர் போகிறார். அந்தப் பெண் இரண்டாம் வாய்ப்புக்கு யாரிடம் பட்டியல் வாங்குவார் என்று தெரியாமல் (முடிக்க முடியவில்லை.)

இ. போய்ச் சொல்கிறேன். "நல்லது, ஆனால் புகார் புகார்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். (இது நிஜம் போல இருக்கிறது. இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறேன்.)

இன்று புதன்கிழமை. மதியம் இந்தப் பக்கங்களை நூலகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நான்காவது அலமாரியின் முன் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நூலுக்குள்ளும் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். நாளை இருக்குமோ இருக்காதோ என்கிற அலமாரிக்கு.

பசைக் கையைத் துடைத்துவிட்டுப் படித்தார். அவருக்கு முன்பே எல்லாம் தெரியும் என்பது, ஐந்தாம் பகுதியில் அவர் முகம் கொஞ்சமும் மாறாததில் தெரிந்தது.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"அன்னிக்கே. நீங்க எண்ணும்போது உதடு அசைஞ்சுது. இங்கிருந்து பாத்தேன்."

"அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." தாள்களைத் தட்டி நேராக்கினார். "நல்லா எழுதியிருக்கீங்க. என்னைக் கொஞ்சம் தூக்கிவெச்சிருக்கீங்க, பரவாயில்ல. ஆனா கதையை எங்கிட்ட குடுத்துட்டீங்க. குழுவுக்கு என்ன குடுக்கப்போறீங்க?"

அவர் அடுத்த சீட்டை எடுத்தார். நான் பசைப் புட்டியின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

8

இதுவரை எழுதியது புதன்கிழமை மாலை. வெள்ளைத் தாளில் மறுபடி "பெறுநர்" என்று எழுதியிருக்கிறேன், இந்த முறை அடிக்கவில்லை. கீழே ஆறு வரி ஆகியிருக்கிறது. கதைக்கு மட்டும் முடிவு எழுதமாட்டேன். நாளை நடப்பதை இன்றே எழுதினால், எண்ணாமலே படத்துக்குக் கீழே ஓர் எண்ணைப் போட்டவன் ஆவேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது வியாழக்கிழமை தாண்டியிருக்கும். மாடிப்படி ஏறினால் இடது பக்கம் மூன்று அலமாரிகள் நிச்சயம் இருக்கும். அதற்கு அடுத்து என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். எதிர் நாற்காலியில் இருப்பவரையும் கேட்காதீர்கள். ஏறிப் போய்ப் பாருங்கள்.